ஒன்பது பீப்பாயும் நாற்பத்தொரு பெயரும்

இங்கிலாந்து எந்தத் திசையில் இருக்கிறது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை. ஆனால் அந்த நாடு, பக்கத்து நாடுகளோடு சேர்ந்து வைத்திருந்த வியாபாரக் கூட்டத்தை விட்டு வெளியே போனபோது, கள்ளக்குறிச்சிக்கும் தியாகதுருகத்துக்கும் நடுவில் தகரக் கூரை போட்ட ஒரு ஷெட்டில் நாற்பத்தொரு பெண்களின் பெயரை அடிக்கப் பார்த்தார்கள். நாங்கள் அடிக்க விடவில்லை. அதைத்தான் எழுதுகிறேன்.

போன வாரம் அந்த ஷெட்டிலிருந்து மூன்று பெண்கள் கருணாபுரத்தில் என் வீட்டைத் தேடி வந்தார்கள். மூவரும் நான் வேலையை விட்டபிறகு சேர்ந்தவர்கள். வேறு ஏதோ நாடு வேறு ஏதோ கூட்டத்தை விட்டு விலகப் போகிறதாம், டீவியில் சொன்னார்களாம். "யக்கா, நீங்க இருந்தப்போ இதே மாதிரி ஒண்ணு ஆச்சாமே. அப்போ இன்னா பண்ணீங்க?" என்று கேட்டார்கள். வாயால் சொன்னால் நாலு நாளில் நாலு விதமாக ஆகிவிடும். அதனால் எழுதித் தருகிறேன் என்றேன். நான் மூன்றாம் வகுப்பு. எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன். மெதுவாகத்தான் வரும். அவசரக்காரர்கள் வேறு வேலை இருந்தால் பார்க்கலாம்.

என் பெயர் பச்சையம்மா. கல்வராயன் மலையில் பிறந்தேன், கீழே வாக்கப்பட்டேன். கரும்பு வெட்டினேன், நாற்று நட்டேன், சித்தாள் வேலைக்குப் போனேன். வெள்ளரிக் கம்பெனி வந்தபோது எனக்கு வயது முப்பதைத் தாண்டியிருந்தது. விரல் அளவு வெள்ளரிப் பிஞ்சைக் கொல்லையில் பறித்து, இங்கே கொண்டுவந்து, அளவு பிரித்து, உப்புத் தண்ணீரில் ஊறவைத்து, பீப்பாயில் அடைத்துக் கப்பல் ஏற்றுவார்கள். நம் ஊரில் அதை யாரும் தின்பதில்லை. "வெள்ளக்காரன் ரொட்டிக்கு நடுவுல வச்சித் திம்பானாம்" என்று சொல்வார்கள். எதையோ வைத்துத் தின்னட்டும். எனக்கு அந்தக் காய் சோறு போட்டது.

வேலை பழகிய கதையை நீட்டவில்லை. முதல் வருடம் கழுவினேன். இரண்டாம் வருடம் மேசைக்கு வந்தேன். ஐந்தாம் வருடம் ஏழாம் மேசைக்கு நான்தான் தலை. அப்புறம் மூட்டை வாங்கும் பொறுப்பும் என் தலையில் விழுந்தது. ஏழு மேசை, மேசைக்கு ஆறு பேர், என் மேசையில் மட்டும் ஐந்து. மொத்தம் நாற்பத்தொரு பேர்.

வேலை எப்படி நடக்கும் என்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் வருவது புரியாது. காலையில் கொல்லைகளிலிருந்து மூட்டை வரும். ஒரு மேசைக்கு ஒரு பக்கத்துக் கொல்லைதான், பருவம் முழுக்க மாற்ற மாட்டோம். மணலூர்பேட்டை ஆற்றங்கரைக் காய் முதல் மேசைக்கு, தியாகதுருகத்துக் காய் மூன்றாம் மேசைக்கு, இப்படி. மண்ணுக்கு மண் காயின் பருமன் மாறும், கைக்குப் பழக வேண்டும். சுண்டு விரல் பருமன் ஒரு கூடை, மோதிர விரல் ஒரு கூடை, கட்டை விரல் ஒரு கூடை. அளவு பார்க்க இரும்பு வளையம் கொடுத்திருந்தார்கள். அது ஆணியில் தொங்கிக்கொண்டிருக்கும். பெரிய ஆள் யாராவது வந்தால் எடுத்துக் கையில் வைத்துக்கொள்வோம், போனதும் மாட்டிவிடுவோம்.

எங்கள் மேனேஜர் தாமோதரன். குரல் உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. காலையில் வருவார், செருப்பைக் கழற்றுவார், ரப்பர் பூட்ஸ் மாட்டுவார், நேராகப் பீப்பாய்ப் பக்கம் போவார். ஒரு பீப்பாயைத் திறக்கச் சொல்லி ஒரு காயை எடுப்பார். கண்ணாடியைக் கழற்றிப் பையில் போடுவார். காயைக் காதோடு சேர்த்துப் பிடித்து இரண்டாக ஒடிப்பார். 'டக்' என்று கேட்டால் தலையை ஆட்டிவிட்டு அடுத்த பீப்பாய். சத்தம் வராவிட்டால் ஒன்றும் சொல்ல மாட்டார். ஒடிந்த இரண்டு துண்டையும் அந்த மேசையின் நடுவில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போய்விடுவார். திட்டினால்கூடத் தாங்கலாம். அந்த இரண்டு துண்டும் சாயங்காலம் வரை நம்மைப் பார்த்துக்கொண்டே கிடக்கும்.

அந்தத் துண்டுகளால்தான் முடிச்சு வந்தது. பீப்பாயை மூடி வெளியே அடுக்கியபிறகு எது எந்த மேசையுடையது என்று தெரியாது. காகிதச் சீட்டு ஒட்டுவோம். ஆனால் வாங்குகிற இங்கிலாந்துக் கம்பெனி தன் சீட்டு மட்டும்தான் பீப்பாயில் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. அதை ஒட்டும்போது எங்கள் சீட்டைக் கிழித்துவிடுவார்கள். அதில் எந்த வாரம் என்று மட்டும் இருக்கும். பிறகு ஒரு பீப்பாய் கெட்டால் ஏழு மேசைக்கும் பழி. மூன்றாம் மேசை குப்பு ஒருநாள் கத்தினாள்: "எவளோ ஊறப்போட்டதுக்கு நான் இன்னாத்துக்குத் தல குனியணும்?"

நான் சொன்னேன்: "எங்க மலையில பத்து வூட்டு மூட்ட ஒரே ஜீப்புல எறங்கும். சந்தையில எவ மூட்ட எவளுதுன்னு சண்டை வந்து பாத்துக்கீறியா? ஒவ்வொரு வூட்டுக்கும் ஒரு முடிச்சு."

அன்று முதல் பீப்பாயின் கைப்பிடியில் ஒரு முழம் கயிறு கட்டினோம். முதலில் மேசைக்குத் தக்க முடிச்சு; முதல் மேசைக்கு ஒன்று, ஏழாம் மேசைக்கு ஏழு. கட்டைவிரல் அளவு இடைவெளி. அப்புறம் கிழமை; திங்கள் என்றால் ஒன்று, சனி என்றால் ஆறு. படிக்காதவளும் கையால் தடவிச் சொல்லிவிடலாம்.

அப்போது புதிதாக வந்த கெமிஸ்ட் ரேவதி, கண்ணில் பட்டதும் குதித்தாள். "இது வெளிப்பொருள்! கயிறு காயில் விழுந்தால் யார் பதில் சொல்றது? எல்லாத்தையும் அறுத்துப் போடுங்க" என்றாள். நான் மேனேஜரிடம் போனேன். அவர் முடிச்சைத் தடவிப் பார்த்தார். நான் அர்த்தம் சொன்னேன்.

"நீலக் கயிறா கட்டுங்கம்மா. காய்ல விழுந்தாலும் கண்ணுக்குத் தெரியும். கைப்பிடியோட நிக்கணும், மூடிப் பக்கம் வரக்கூடாது."

அவ்வளவுதான் பேச்சு. ரேவதி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். எங்களுக்கு நீலக் கயிற்றுச் சுருள் வந்துவிட்டது.

இங்கே என் தப்பையும் சொல்லியாக வேண்டும். என் மேசைக்கு மலையடிவாரத்திலிருந்து இரண்டு கொல்லைக் காய் வரும். ஒன்று மாரி என்பவருடையது. இன்னொன்று என் தம்பி ராமசாமியுடையது. மாரி காய்க்கு ஊரறிந்த ஏழு முடிச்சு. தம்பி காய்க்கும் அதே ஏழுதான், ஆனால் ஏழாவது முடிச்சை மட்டும் எங்கள் வீட்டு முடிச்சாகப் போட்டேன். என் அப்பன் சாமை மூட்டைக்குப் போட்ட முடிச்சு அது. கயிற்றை உள்ளே கொடுத்துத் திருப்பி இழுத்தால் மூக்குத்தி மாதிரி நிற்கும். எங்கள் வீட்டு முடிச்சு கப்பலில் போகிறது என்று எனக்கு ஒரு கர்வம். யாரிடமும் சொல்லவில்லை. பார்த்தால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இங்கிலாந்து வெளியே போகப் போகிறது என்று டீ நேரத்தில் முதலில் சொன்னது மேனேஜர்தான். ஒரு பருவம் போனது, இரண்டு பருவம் போனது, அந்த நாடு போகவில்லை. குப்பு சிரித்தாள். "எங்க வூட்டுக்காரர் மாதிரிதான் போலக்கீது சார். துண்ட ஒதறித் தோள்ல போட்டுக்கினு, 'நான் போறேன் நான் போறேன்'னு வாசல்லயே நின்னுக்கினு இருப்பாரு. கொழம்பு வாசன வந்தா உள்ள வந்துருவாரு."

ஆனால் அந்த நாடு நிஜமாகவே போய்விட்டது. நாங்கள் முகத்தில் துணி கட்டிக்கொண்டு வேலை செய்த காலம் அது. எங்கள் காயை வாங்கிய கம்பெனி, அங்கே அதைப் பாட்டிலில் அடைத்துக் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் நாடுகளுக்குத்தான் பாதிக்குமேல் விற்றுக்கொண்டிருந்ததாம். நடுவில் சுங்கம் வந்தது, பேப்பர் வந்தது, லாரி நின்றது. பாட்டிலில் இருந்த விலாசம்கூடச் செல்லாமல் போனதாம். அந்தக் கம்பெனி ஒரு கடிதம் எழுதியது: இனி வேண்டாம். எழுதினதோடு சரி, போன் போட்டாலும் எடுக்கவில்லை. எங்கள் வாசலில் முந்நூற்றுச் சொச்சம் பீப்பாய் அவர்கள் சீட்டோடு நின்றது.

ஒரு சனிக்கிழமை காலை மேனேஜர் எங்களைக் கூப்பிட்டு நிற்கவைத்தார். கையில் ஒரு காகிதம். அதைப் பார்த்துப் படிக்காமல், மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பேசினார்.

"திங்கட்கிழமையிலிருந்து ஷெட்டு மூடறோம்மா. பீப்பாயப் பாத்துக்க ஏஜெண்ட் ஆள் ரெண்டு பேர் மட்டும் இருப்பாங்க. உங்க எல்லார் பேரயும் ரிஜிஸ்டர்லருந்து எடுக்கச் சொல்லி முதலாளி சொல்லிட்டாரு. வேலை வந்தா ஏஜெண்ட் மூலமா கூப்பிடுவோம்."

யாரும் அழவில்லை. என்ன சொல்கிறார் என்று எல்லோருக்கும் புரிந்துவிட்டது. பெயரை அடித்தால் இருபது வருட சர்வீசும் போச்சு. ஏஜெண்ட் மூலம் வந்தால் இன்றைக்கு வந்தவளும் நானும் ஒன்று. பி.எஃப். கிடையாது, லீவு கிடையாது, வேண்டாம் என்றால் மறுநாள் வேனில் ஏற்ற மாட்டான்.

நான் முன்னால் போனேன். "சார், வெளிய போனது அந்த நாடா, நாங்களா?"

"அந்த நாடுதாம்மா."

"அப்பறம் எதுக்கு எங்கள வெளிய போவச் சொல்றீங்க?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மாட்டவில்லை.

"சார், அந்தப் பீப்பாய்ங்கள ரெண்டு பேர் பாத்துக்க முடியுமா? வாரத்துக்கு ரெண்டு வாட்டி மூடி தொறக்கணும், காத்து வுடணும், மேல படியற வெள்ளைய அள்ளணும், உப்பு ஏத்தணும். முந்நூறு பீப்பாயி. வுட்டுட்டா பத்து நாள்ல ஒரு காயும் உங்க காதுக்குச் சத்தம் போடாது."

"வாங்க ஆள் இல்லாதப்போ அத வச்சு என்னம்மா பண்றது?"

"ஆள் வருவான். திங்கிறவன் வாயி எங்கியும் போவல. நாங்க முறை போட்டு வரோம். ஒரு நாளைக்கு எட்டு பேர். மத்தவளுங்க அன்னிக்கி வூட்ல இருப்பாளுங்க, வூட்ல இருக்கிற நாளுக்குக் கூலி கேக்க மாட்டோம். ஆனா ஒருத்தி பேரக்கூட அடிக்கக் கூடாது."

பின்னாலிருந்து குப்பு குரல் கொடுத்தாள்: "அடிக்கிற மாதிரி இருந்தா பேனாவ எங்க முன்னாடியே எடுங்க சார். மொதல்ல எவ பேர அடிக்கிறீங்கன்னு நாங்களும் பாத்துக்கிறோம்."

அவர் முதலாளிக்குப் போன் பேசப் போனார். அரை மணி நேரம் ஆனது. நாங்கள் ஒருத்தியும் நகரவில்லை. திரும்பி வந்து, "ரெண்டு மாசம். அதுக்குள்ள வேற ஆள் கிடைக்கலேன்னா நான் ஒண்ணும் செய்ய முடியாது" என்றார்.

அந்த இரண்டு மாதம் எட்டெட்டுப் பேராக வந்து பீப்பாயைக் காப்பாற்றினோம். மற்ற நாட்களில் கரும்பு வெட்டப் போனோம். முறை தவறியது ஒரே ஒருத்திதான். அவள் வீட்டு வாசலில் குப்பு போய் நின்ற நிலையைப் பார்த்து மறுபடி யாரும் தவறவில்லை.

இரண்டாம் மாதக் கடைசியில் ஆள் வந்தது. கூட்டத்துக்குள்ளேயே இருக்கிற ஒரு நாட்டுக் கம்பெனி. எல்லாப் பீப்பாயையும் எடுத்துக்கொள்கிறோம் என்றது. ஒரே ஒரு நிபந்தனை: ஒவ்வொரு பீப்பாயும் எந்தக் கொல்லைக் காய், எந்த நாள் பறித்தது என்று எழுதித் தர வேண்டும். பூச்சி மருந்து சோதனையும் செய்து தர வேண்டும்.

ரேவதி வாரத்துக்கு ஒன்றாகக் காயைக் கலந்து சோதனைக்கு அனுப்பினாள். எல்லா வாரமும் தேறியது, ஒரு வாரம் தவிர. அந்த வாரத்தில் மருந்து அளவுக்கு மேல் இருந்தது. அந்த வாரத்தில் மட்டும் எழுபதுக்கு மேல் பீப்பாய். கம்ப்யூட்டரில் பார்த்தாள். வாரம்தான் இருந்தது. எந்தப் பீப்பாய் எந்தக் கொல்லை என்று இல்லை. அந்த விவரம் இருந்த எங்கள் சீட்டைக் கிழிக்கவைத்தது பழைய கம்பெனி, அவன்தான் போனையே எடுப்பதில்லையே.

புதியவன் சொல்லிவிட்டான்: பிரித்துக் காட்ட முடியாவிட்டால் எதுவும் வேண்டாம். ஒன்று கெட்டிருக்கிறது என்று தெரிந்தபிறகு மீதியை எப்படி நம்புவது?

ரேவதி என்னிடம் வந்தாள். கயிற்றை அறுத்துப் போடச் சொன்ன அதே ரேவதி. முகம் சிறுத்துப் போயிருந்தது.

"அக்கா, அந்த முடிச்சு... இன்னும் இருக்கா?"

"நீ அறுக்கச் சொன்னியே, அதுவா?"

"அக்கா, பேசுற நேரமா இது?"

"இருக்குது வா" என்றேன்.

அந்த எழுபது பீப்பாயையும் தனியாக நிறுத்தினோம். நானும் குப்புவும் ஒவ்வொன்றாகக் கயிற்றைத் தடவிச் சொன்னோம், ரேவதி எழுதினாள். "மூணு, அப்பறம் ரெண்டு. தியாகதுருகம், செவ்வாக்கெழம." "ஒண்ணு, அப்பறம் அஞ்சு. மணலூர்பேட்டை, வெள்ளிக்கெழம." ஒரு காலைப்பொழுதில் முடிந்தது. எழுதியதைப் பார்த்து ரேவதி சொன்னாள்: "அக்கா, மேசைக்கு ஒரு பீப்பாய் எடுத்து ஏழு சோதனை போட்டாப் போதும். எதுல மருந்து இருக்கோ அந்த மேசைய மட்டும் ஒதுக்கிடலாம். ஏழுமே நல்லா வந்துட்டா, முதல்ல வந்தது லேப் தப்புன்னு எழுதிடலாம், எல்லாமே கப்பலேறிடும்."

ஆறு மேசையிலும் காய் எடுத்தாள். ஏழாம் மேசைக்கு வந்தாள். ஒரு பீப்பாயின் மூடியில் கை வைத்தாள்.

நான் கயிற்றைப் பார்த்தேன். சாதா முடிச்சு. மாரியுடைய பீப்பாய்.

அந்த இடத்தில் நான் நின்ற நேரம் ஒரு மூச்சு இருக்கலாம், இரண்டு மூச்சு இருக்கலாம். அந்த வாரம் என் மனதுக்குள் அப்படியே வந்தது. தம்பி கொல்லையில் இலை சாம்பல் பூத்துக் கிடந்ததைக் கோயில் படையலுக்குப் போனபோது என் கண்ணாலேயே பார்த்தேன். வேலியில் காய்ந்துகொண்டிருந்த மருந்து டப்பாவையும் பார்த்தேன். மருந்து அடித்து ஒரு வாரம் ஆகாமல் காய் பறிக்கக் கூடாது. மறுநாள் தம்பி மூட்டை கொண்டுவந்தபோது கேட்டேன்: "மருந்து அடிச்சி எத்தினி நாளாச்சுடா?" "அது ஆச்சுக்கா ஒரு வாரம்" என்றான். வேறு யார் சொல்லியிருந்தாலும் காயை மோந்து பார்த்திருப்பேன், காம்பைக் கிள்ளிப் பார்த்திருப்பேன், கொல்லைக்குக் கொல்லை மருந்துக் கணக்கு எழுதுகிற எழுத்தரைக் கூப்பிட்டு, என்றைக்கு அடித்தது என்ற சீட்டைக் கேட்டிருப்பேன். அவனை நான் இடுப்பில் தூக்கி வளர்த்தேன். மூட்டையை வாங்கினேன். வீட்டு முடிச்சுப் போட்டேன்.

இப்போது ரேவதியின் கை மாரியின் பீப்பாயில். மாரி காய் தேறிவிடும். ஏழும் நல்லது என்று எழுதுவார்கள். எல்லாம் கப்பலேறும். நாற்பத்தொரு பெயரும் நிற்கும். தம்பிக்கும் ஒன்றும் ஆகாது. எனக்கும் ஆகாது. நான் செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை, வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும்.

நான் யோக்கியத்தைப் பற்றியெல்லாம் அப்போது நினைக்கவில்லை. அங்கே போய்த் திறந்து பார்த்து, மருந்து இருக்கிறது என்று அவர்கள் கண்டுபிடித்தால் என்ன ஆகும் என்று நினைத்தேன். 'அந்த ஊர்ப் பொம்பளைங்க கட்டின முடிச்சு பொய்' என்று ஆகும். அந்த நினைப்பைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

"அத எடுக்காத ரேவதி. இத எடு" என்றேன்.

"ரெண்டும் ஏழாம் மேசைதானே அக்கா?"

"ரெண்டும் ஏழுதான். ஆனா இதுல ஏழாவது முடிச்சத் தடவிப் பாரு."

அவள் தடவினாள். குப்பு குனிந்து பார்த்தாள். "அடிப்பாவி, இத்தினி வருசமா இத எங்களுக்குச் சொல்லவே இல்லியே நீ" என்றாள். அப்புறம் என் முகத்தைப் பார்த்தாள். குப்பு பேசாமல் இருந்ததை நான் பார்த்தது அந்த ஒரு தரம்தான். ரேவதி இரண்டு பீப்பாயிலும் தனித்தனியாகக் காய் எடுத்தாள்.

முடிவு வந்தது. ஆறு மேசையும் தேறியது. மாரி காய் தேறியது. வீட்டு முடிச்சுப் போட்ட காய் தேறவில்லை; அந்த முடிச்சோடு நின்றது ஒன்பது பீப்பாய்.

அந்த ஒன்பதையும் கழிவுத் தொட்டியில் கொட்டச் சொல்லிவிட்டார்கள். கொட்டும்போது மேனேஜர் வந்து நின்றார். ஒரு காயை எடுத்தார். கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டார். காதோடு வைத்து ஒடித்தார். அந்த வாசலில் அன்றைக்கு இருந்ததிலேயே நல்ல சத்தம். தொட்டி ஓரத்தில் நின்ற எனக்கே கேட்டது.

"நல்ல காய்" என்றார்.

"காதுக்குத் தெரியாததும் இருக்குது சார்" என்றேன்.

அவர் இரண்டு துண்டையும் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். வழக்கப்படி அதை என் மேசையில் கொண்டுபோய் வைக்க வேண்டும். வைக்கவில்லை. தொட்டியில் போட்டார்.

மற்றதெல்லாம் கப்பலேறியது. ஆனால் கதை அதோடு முடியவில்லை. முதலாளி சென்னையிலிருந்து கேட்டாராம்: மூட்டையை வாங்கினது யார்? யாராவது ஒருத்தர் பதில் சொல்ல வேண்டும். அந்த ஒரு பெயரை அடியுங்கள்.

மேனேஜர் என்னை உட்காரச் சொன்னார். இத்தனை வருடத்தில் முதல் தடவையாக அவர் முன்னால் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"நீங்களா எழுதிக் குடுத்துட்டுப் போயிட்டா மரியாதையா இருக்கும்மா. ரிடையர் ஆக இன்னும் மூணு நாலு வருஷந்தானே."

"சார், தப்பு என்னுது. நான் இல்லன்னு சொல்லல. தம்பின்னு மோந்து பாக்காம வாங்கினேன். அத எங்க வேணா சொல்லுவேன், எழுதியும் தருவேன். ஆனா அந்தத் தப்பு எந்தப் பீப்பாயில கீதுன்னு காட்டினதும் நான்தான். வாங்கினத மட்டும் எழுதிக்கினு காட்டினத வுட்டுட்டு என் பேர அடிக்கிறதுன்னா, காரணத்த எழுத்துல குடுங்க. அத எடுத்துக்கினு நாப்பது பேரோட நான் கம்பெனி கேட்டு முன்னாடி உக்காருவேன். முடிச்சு போட்டவ பேர அடிச்ச கம்பெனின்னு அந்தப் புதுசா வாங்கறவன் காதுக்கும் போவட்டும்."

அவர் ரிஜிஸ்டரை எடுத்தார். என் பெயர் இருந்த பக்கத்தைத் திறந்தார். பேனாவையும் எடுத்தார். மூட்டை வாங்கும் வேலை என்று எழுதியிருந்ததை மட்டும் அடித்து, பீப்பாய் வாசல் வேலை என்று எழுதினார். பெயரைத் தொடவில்லை. முதலாளியிடம் என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

தம்பியைக் கம்பெனிப் பட்டியலிலிருந்து இரண்டு பருவத்துக்கு எடுத்துவிட்டார்கள். அவன் என்னோடு பேசுவதை நிறுத்தினான். படையலுக்குக் கூப்பிடவில்லை. அவன் பொண்டாட்டி மட்டும் சந்தையில் பார்த்து, "கூடப்பொறந்தவனக் காட்டிக் குடுத்துட்டு நாப்பது பேருக்குப் பெரிய மனுஷி ஆயிட்டீங்களே அண்ணி" என்றாள். அவள் சொன்னதில் பாதி நிஜம்தான்.

மூன்றாம் பருவம் அவனைத் திரும்பச் சேர்த்தார்கள். முதல் மூட்டையோடு வந்தான். அன்றைக்கு மூட்டை வாங்குகிறவள் லீவு, மேனேஜர் என்னைப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தார். தம்பி வரிசையில் நின்றான். முறை வந்தது. மூட்டை வாயைப் பிரித்தேன். கையை உள்ளே விட்டு அடிக்காயை எடுத்து மோந்தேன். காம்பைக் கிள்ளினேன்.

"மருந்து அடிச்சி எத்தினி நாளாச்சு?"

"பன்னண்டு."

"சீட்டு?"

எல்லோர் முன்னாலும் சீட்டை நீட்டினான். "என்ன நம்பலியாக்கா?" என்றான். இரண்டு வருடத்துக்குப் பிறகு அவனாகப் பேசிய முதல் பேச்சு.

"உன்ன நம்பினதுதான்டா ஒம்பது பீப்பாயி" என்றேன்.

மூட்டையை வாங்கினேன். அவன் போகவில்லை. ஓரமாக நின்று, அந்தக் காய் பீப்பாய்க்குள் போய் மூடுகிறவரை பார்த்தான். கயிறு கட்டினேன். ஏழு முடிச்சு, ஏழும் சாதா முடிச்சு. அவன் குனிந்து பார்த்தான்.

"அப்பன் முடிச்சு போடலியா?"

"அது வூட்டு மூட்டைக்குடா. இது ஊர் மூட்டை."

அவன் டிராக்டரில் ஏறிப் போனான். அந்த வருடப் படையலுக்கு ஆள் அனுப்பிக் கூப்பிட்டான். போனேன்.

அடுத்த வருடம் எனக்கு வயதாகிவிட்டது என்று கம்பெனிச் சட்டம் சொன்னது. கடைசி நாள் ரிஜிஸ்டரைக் கொண்டுவரச் சொல்லி நாற்பத்தொரு பெயரையும் ரேவதியை உரக்கப் படிக்கச் சொன்னேன். படித்தாள். ஒன்றுகூடக் குறையவில்லை. என் பெயருக்கு நேரே எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போட்டேன், பேனாவை மூடி மேனேஜர் கையில் கொடுத்தேன், கேட்டைத் திறக்கச் சொல்லி வெளியே வந்தேன்.

பொண்ணுங்களா, நீங்கள் கேட்டதற்கு இதுதான் பதில். எந்த நாடு எந்தக் கூட்டத்தை விட்டுப் போனாலும் போகட்டும். அது அதன் இஷ்டம், உங்களைக் கேட்டுப் போகப் போவதில்லை. நீங்கள் எப்போது வெளியே போவது என்று அந்த நாடு சொல்லக் கூடாது. கயிற்றுச் சுருள் ஆணியில் மாட்டியிருக்கிறதா, அறுத்துவிட்டார்களா என்று நாளைக்குப் போனதும் முதலில் பாருங்கள்.